ஃப்ளாப்பி ட்ரைவ்: வெளியில் மாட்டுவதா, உள்ளே மாட்டுவதா?

2024 ஜூன் 8, கேரளத்து ஆரியங்காவிலிருந்து ஒரு தம்பியின் கேள்வி

"அண்ணாச்சி, அப்பா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அடித்துக் கொடுத்த காலத்து ஃப்ளாப்பி, அதான் கணினிக் கோப்பு வைக்கிற பழைய காந்தத் தகடு, 73 வீட்டில் கிடக்கிறது. உள்ளே இருப்பதை எடுக்க வேண்டும். யூஎஸ்பியில் மாட்டுகிற வெளி ட்ரைவ் ஒன்று வாங்கினால் போதும், பழைய உள் ட்ரைவைத் தேடி அலைவது வெட்டி வேலை என்கிறார் கடைக்காரர். சரிதானா?"

2024 ஜூன் 8, இரவு

சரிதான். வெளி ட்ரைவ் வாங்கு, கதை முடிந்தது. இப்போது வருகிற மதர்போர்டில் ஃப்ளாப்பிக்கான 34 பின் சாக்கெட்டே கிடையாது, உள் ட்ரைவை வைத்துக்கொண்டு எங்கே சொருகுவாய்? வெளி ட்ரைவுக்குத் தனியாக மின்சாரமும் வேண்டாம், யூஎஸ்பி வயரிலிருந்தே எடுத்துக்கொள்ளும். சொருகினால் ஏ ட்ரைவ் என்று வந்து நிற்கும். நான் 1998 முதல் 2006 வரை செங்கோட்டையில் டிடிபி கடை, அதாவது கணினியில் அச்சுக்கு அடித்துக் கொடுக்கிற கடை, வைத்திருந்தவன், ஃப்ளாப்பியோடு குடும்பம் நடத்தியவன் என்ற தைரியத்தில் சொல்கிறேன்.

2024 ஜூன் 9

நேற்று அவசரப்பட்டுவிட்டேன். தம்பி இன்று படம் அனுப்பியிருக்கிறான். 73-இல் ஐந்து, விசிறி மாதிரி வளைகிற அகல ஃப்ளாப்பி, அதாவது 5.25 அங்குலம். அதற்குக் கடையில் விற்கிற யூஎஸ்பி ட்ரைவ் எதுவும் ஆகாது. அவை எல்லாமே 3.5 அங்குலத்துக்கு மட்டும்தான். 5.25-இல் 360 கேபி, 1.2 எம்பி என்று இரண்டு ரகம் நம் பக்கம் புழங்கியது. அந்த ஐந்தையும் தனியாக எடுத்து, வளையாமல், புத்தகத்துக்குள் வைக்காமல், நிற்க வைத்து வை. பிறகு பார்க்கலாம். மீதி 68-க்கு வெளி ட்ரைவ்தான், அதில் மாற்றம் இல்லை.

2024 ஜூன் 12

ஊருக்கு உபதேசம் சொல்லிவிட்டு நம் வீட்டுப் பரணைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இறக்கி எண்ணினேன், 41 இருந்தது. ஆயிரத்துச் சொச்சம் கொடுத்து வெளி ட்ரைவும் வாங்கிவிட்டேன். இரண்டு நாள் உட்கார்ந்ததில் 23 முழுசாகப் படித்தது, 11 பாதியில் நின்றது, 7 பூசணம்.

பூசணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துச் சாரலுக்கு இது வராமல் இருக்காது. ஆனியில் குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் தோல் செருப்பே பச்சை பிடிக்கும், மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் கேட்கவே வேண்டாம். ஃப்ளாப்பியின் தகரக் கதவை விரலால் ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் நடுவில் இருக்கிற உலோக வட்டத்தை மெல்லச் சுற்று. உள்ளே காப்பித்தூள் நிறத்தில் பளபளவென்று தகடு ஓடும். விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தால், நல்ல தகட்டில் உன் நகத்தின் நிழல் தெரியும். பூசணம் பிடித்ததில் சாம்பல் தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளி, சிலதில் பூக்கோலம் போலவே இருக்கும். அழகாக இருக்கிறதே என்று உள்ளே போட்டுவிடாதே.

நான் போட்டேன். ட்ரைவ் ஒரு மாதிரி கீச்சென்று கத்தியது. எடுத்துவிட்டு அடுத்தது போட்டேன், படிக்கவில்லை. அதற்கடுத்ததும் படிக்கவில்லை. முந்தின நாள் நன்றாகப் படித்த ஒன்றைப் போட்டேன், அதுவும் இல்லை. பிறகுதான் புத்தி வந்தது. பூசணம் தலையில், நான் சொல்வது தகட்டைத் தொட்டுப் படிக்கிற ட்ரைவின் தலையில், ஒட்டிக்கொண்டு போகிற வருகிற தகட்டையெல்லாம் உரசியிருக்கிறது. முந்தின நாள் படித்த அந்த நல்ல ஃப்ளாப்பியின் கதவைத் திறந்து பார்த்தால் இசைத்தட்டு மாதிரி ஒரு வட்டக் கீறல். அது என் கடையின் வாடிக்கையாளர் கணக்கு. போனது போனதுதான். உரசிய மற்ற இரண்டும் மேலே சொன்ன 11-க்குள் இருக்கிறது, என் தப்புக்குத் தகட்டைக் குறை சொல்ல முடியாது.

தலையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். மருந்துக்கடையில் கேட்டால் ஸ்பிரிட் என்று எதையாவது தருவார்கள், பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்து வாங்கு. தகட்டையும் அதே மாதிரி, கதவு வழியாக, அழுத்தாமல், சுற்றிச் சுற்றித் துடைத்து நிழலில் காயவிட்டுத்தான் போட வேண்டும்.

2024 ஜூன் 13

முக்கியமானதை விட்டுவிட்டேன். போடுவதற்கு முன்னால் ஃப்ளாப்பியின் மூலையில் இருக்கிற சின்ன பிளாஸ்டிக் தள்ளியை நகர்த்தி ஓட்டையைத் திறந்து வை. ஓட்டை திறந்திருந்தால் எழுத முடியாது, படிக்க மட்டும்தான். பழைய ஃப்ளாப்பியைப் போட்டதும் 'இது ஃபார்மட் ஆகவில்லை, இப்போது செய்யவா' என்று திரையில் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ஒரு தடவை 'சரி' தட்டினால் போதும், உள்ளே இருப்பதெல்லாம் போச்சு.

2024 ஜூன் 15

"3.5 அங்குல ஃப்ளாப்பியில் 1.44 எம்பி பிடிக்கும் என்கிறார்கள், கணக்குப் போட்டால் வரவில்லையே" என்று ஒருவர் கேட்கிறார். வராது. தகட்டில் எழுதுகிற வட்டத்துக்குத் தடம் என்று பேர், ஒரு பக்கத்துக்கு 80 தடம், தடத்துக்கு 18 துண்டு, இரண்டு பக்கம், ஆக 2880 துண்டு. துண்டுக்கு 512 பைட் என்றால் 14,74,560. இதை 1024-ஆல் வகுத்தால் 1440, அதை 1000-ஆல் வகுத்து 1.44 என்று போட்டுவிட்டார்கள். பாதி ஆழாக்கு, பாதி லிட்டர் என்கிற மாதிரி அளவு.

2024 ஜூன் 20

இப்போது உள் ட்ரைவ் கதை. அதைச் சொன்னால் ஜூன் 8-இல் நான் எழுதியதை நானே அடிக்க வேண்டியிருக்கும்.

கடையை மூடியபோது கடைசிக் கணினியை மச்சான் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்து அறையில் போட்டிருந்தேன். 2001-இல் சேர்த்தது, 256 எம்பி நினைவகம். அதைத் தூக்கிக்கொண்டு வந்து மூடியைக் கழற்றினால் எஸ்எம்பிஎஸ் என்கிற மின்சாரப் பெட்டிக்குள்ளே பல்லி முட்டை ஓடு. தூசி தட்டி, பயந்து பயந்து சுவிட்ச் போட்டேன், விசிறி சுற்றியது. ஆனால் ஃப்ளாப்பி ட்ரைவே இல்லை என்றது. இதில் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, மதர்போர்டில் இருக்கிற 2032 பேட்டரி செத்துப்போனால் பயாஸ், அதாவது கணினியைத் தொடக்கி வைக்கிற அடிப்படை நிரல், எல்லாவற்றையும் மறந்துவிடும். என் கணினி தன்னிடம் ஃப்ளாப்பி இருப்பதையும் மறந்திருந்தது. புது பேட்டரி போட்டு, உள்ளே போய் ஏ ட்ரைவ் 1.44 என்று வைத்துச் சேமித்தேன். இன்னொன்று, ட்ரைவை மதர்போர்டோடு இணைக்கிற பட்டை வயர், ரிப்பன் கேபிள். தூசி துடைக்கும்போது கழற்றி மாட்டியதில் திருப்பி மாட்டிவிட்டேன். அடையாளம் சுலபம், திருப்பி மாட்டினால் ட்ரைவின் பச்சை விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும். அந்த ரிப்பனில் ஓரிடத்தில் 10 முதல் 16 வரையுள்ள வயர்களை மட்டும் பிரித்து முறுக்கியிருப்பார்கள், பார்ப்பவர்கள் கேபிள் கெட்டுவிட்டது என்று நினைப்பார்கள். அந்த முறுக்குக்கு அப்பால் இருக்கிற முனையில் மாட்டினால்தான் அது ஏ.

சரி, மாட்டினேன். வெளி ட்ரைவ் பாதியில் கைவிட்ட அந்த 11-ஐ ஒவ்வொன்றாகப் போட்டேன். டர்ர்ர், டக், டக், டர்ர்ர் என்று அந்தச் சத்தம் கேட்டதும் என் மனைவி அடுக்களையிலிருந்து "கடையைத் திறந்துட்டீகளா?" என்றாள். 11-இல் 6, ஒரு பிழை இல்லாமல் முழுசாக வந்தது.

காரணம் யோசித்தேன், புதிதாக ஒன்றும் இல்லை, அந்தக் காலத்தில் நமக்கெல்லாம் தெரிந்ததுதான். தலை தடத்தின் நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு ட்ரைவிலும் அது ஒரு மயிரிழை அங்கே இங்கே விலகியிருக்கும். விலகிய ட்ரைவ் விலகியே எழுதும், தான் எழுதியதைத் தானே நன்றாகப் படிக்கும், அடுத்த ட்ரைவ் தடுமாறும். அந்த ஆறும் இதே ட்ரைவில் எழுதியவை. எழுதின கைக்குத்தான் தன் கிறுக்கல் புரிகிறது.

ஆகவே தம்பி, முதலில் கேட்க வேண்டியது வெளியா உள்ளா என்பது இல்லை. அப்பாவின் கணினி எங்கே?

2024 ஜூன் 21

பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டார்களாம். ட்ரைவோடுதான். ஒன்றும் சொல்வதற்கில்லை.

2024 ஜூன் 23

முந்தாநாள் வரை உள் ட்ரைவ்தான் உசத்தி என்று பேசிக்கொண்டிருந்தேன், அதையும் திருத்த வேண்டும். வெளி ட்ரைவ் முன்னாடியே படித்த நல்ல ஃப்ளாப்பிகளையும் ஒரு ஆசைக்கு உள் ட்ரைவில் போட்டுப் பார்த்ததில் இரண்டைத் தொடவே மாட்டேன் என்றது. இரண்டும் என்னுடையவை அல்ல, திருநெல்வேலியில் அச்சுக்கு ஃபிலிம் எடுக்கப் போகும் இடத்தில் எழுதிக் கொடுத்தவை. அவர்கள் ட்ரைவ் ஒரு பக்கம் விலகல், என்னுடையது மறுபக்கம் விலகல் போலிருக்கிறது, வெளி ட்ரைவ் இரண்டுக்கும் நடுவில் நின்று சமாதானம் பண்ணியிருக்கிறது.

இதைக் கண்டதும் 1999 ஞாபகம் வந்தது. வேலை முடித்து ஃப்ளாப்பியில் ஏற்றி, பஸ் பிடித்து, தென்காசி, ஆலங்குளம் தாண்டி திருநெல்வேலி போய் நீட்டினால் அங்கே "படிக்கலியே அண்ணாச்சி" என்பார்கள். அன்றைக்குப் பொழப்பு போச்சு. அதனால் எப்போதும் இரண்டு ஃப்ளாப்பியில் ஒரே காப்பி, இரண்டையும் வேறு வேறு பையில். பஸ்ஸில் ஸ்பீக்கருக்குக் கீழே உட்காரமாட்டேன், காந்தம் அழித்துவிடும் என்று பயம். இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே போயிருக்கிறேன், பக்கத்தில் சீட் காலியாக இருக்கும்போது.

2024 ஜூன் 24

720 கேபி ஃப்ளாப்பியை வெளி ட்ரைவ் படிக்குமா என்று கேட்டவருக்கு: என்னுடையது படிக்கிறது. 720-க்கு மூலையில் ஒரு ஓட்டைதான் இருக்கும், 1.44-க்கு இரண்டு பக்கமும். இதில் ஒரு திருட்டு வேலை நடந்தது, ஞாபகம் இருக்கிறவர்கள் சிரிப்பார்கள். 720 மலிவு என்று வாங்கி, சால்டரிங் அயர்னைச் சுட வைத்து மறு மூலையிலும் ஓட்டை போட்டு 1.44 ஆக்கிவிடுவோம். அன்றைக்கு எழுதும், படிக்கும், பெருமையாக இருக்கும். ஆனால் அந்தத் தகட்டின் பூச்சு வேறு, அவ்வளவு நெருக்கி எழுதியதைத் தாங்கி வைத்திருக்கும் சக்தி அதற்குக் கிடையாது. என் பரணில் அப்படி நான்கு. நான்கும் எந்த ட்ரைவிலும் வரவில்லை. ஓட்டையைச் சுற்றி பிளாஸ்டிக் உருகிய விளிம்பு இருந்தால் ஆசையை விட்டுவிடு.

2024 ஜூலை 5

ஜப்பான் அரசு தன் சட்டதிட்டங்களில் 'ஃப்ளாப்பியில் சமர்ப்பிக்கவும்' என்றிருந்ததையெல்லாம் நீக்கி முடித்துவிட்டதாம், செய்தி வந்திருக்கிறது. 1998-இல் ஆப்பிளின் ஐமேக் கணினி ஃப்ளாப்பியே இல்லாமல் வந்தபோது நாங்கள் கடையில் "இது விக்கவா போகுது" என்று பேசினோம். சோனி ஜப்பானில் ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்தியதே 2011-இல்தான். நான் கடையை மூடி ஐந்து வருஷம் கழித்து. என் கடை முந்திக்கொண்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

2024 ஜூலை 8

இந்தக் குறிப்பைக் கவனமாகப் படி தம்பி.

என் பரணில் நான்கு ஃப்ளாப்பியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியது ஒன்று இருந்தது. பெரிய வேலை ஒரே ஃப்ளாப்பியில் அடங்காது, ஏஆர்ஜே என்கிற நிரலைப் போட்டுச் சுருக்கி 1, 2, 3, 4 என்று துண்டுகளாக எழுதுவோம். நான்கில் ஒன்று கெட்டாலும் போச்சு. வழக்கம்போல் 3 கெட்டிருந்தது, எப்போதும் 3-தான் கெடும், ஏன் என்று கேட்காதே. இது ஜூன் 20-இல் மிஞ்சிய ஐந்தில் ஒன்று, இரண்டு ட்ரைவும் தனித்தனியாகக் கைவிட்டது.

விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்று ஒரு நிரல் இருக்கிறது. அது ஃப்ளாப்பியைக் கோப்பாகப் பார்க்காது, துண்டு துண்டாக எடுத்து முழுத் தகட்டின் நகலாக, ஒரே படிமமாக வைக்கும். எந்தத் துண்டு வந்தது, எது வரவில்லை என்று தனியாக ஒரு வரைபடக் கோப்பும் எழுதி வைக்கும். முதலில் வெளி ட்ரைவில் ஓட்டினேன். 2880-இல் 2847 வந்தது, 33 இல்லை. இப்போது படிமத்தையும் வரைபடத்தையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு பழைய கணினிக்குப் போய், சிடியிலிருந்து ஓடுகிற ஒரு சின்ன லினக்ஸில் அதே ஃப்ளாப்பியை உள் ட்ரைவில் போட்டு அதே வரைபடத்தோடு ஓட்டினேன். விட்டுப்போன 33-ஐ மட்டும் தேடிப் போய் 29 எடுத்து வந்தது. தகட்டைத் துடைத்து மறுபடி வெளி ட்ரைவில். இன்னும் இரண்டு. மீதி இரண்டு எத்தனை தடவை ஓட்டினாலும் வரவில்லை.

ஒன்று விட்டதை மற்றது பிடிக்கிறது. ஒரு மாதமாக இதுவா அதுவா என்று நானும் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், இரண்டையும் ஒரே ஃப்ளாப்பிக்கு ஓட்டலாம் என்று தோன்றவே இல்லை.

வராத அந்த இரண்டு துண்டும் விழுந்தது பத்திரிகைத் தலைப்பில் போடுகிற பிள்ளையார் படத்தில். கெட்டதானாலும் பரவாயில்லை, விரி என்று சொல்லி விரித்தேன். தும்பிக்கை வரை வந்தார், அதற்குக் கீழே ஒரே புள்ளி. மற்ற கோப்பெல்லாம் சுத்தம்.

2024 ஜூலை 14

தம்பி வெளி ட்ரைவில் எடுத்த கோப்பைத் திறந்தால் 'ஏதோ வைரஸ், எல்லாம் ஆங்கிலக் குப்பையாக இருக்கிறது' என்கிறான். வைரஸ் இல்லை. அது தமிழ்தான். அந்தக் காலத்து எழுத்துருவில் தமிழ் எழுத்தின் வடிவத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் உட்கார வைத்திருப்பார்கள், எழுத்துரு இல்லாவிட்டால் அடியில் இருக்கிற ஆங்கிலம் பல்லைக் காட்டும். கம்பெனிக்கு ஒரு முறை. 1999-இல் சென்னையில் தமிழிணையம் மாநாடு நடந்து டாம், டாப் என்று எழுத்துருவுக்குப் பொதுவான தரம் வகுத்தார்கள், அதற்கு முன்னால் அடித்து வைத்ததெல்லாம் அவரவர் பாடு. ஆகவே அப்பாவின் 68-இல் எதிலாவது எழுத்துருக் கோப்பு இருக்கிறதா என்று பார். பொதுவாக 'ஃபாண்ட்' என்று பேனாவால் எழுதி, தொடாதே என்று அடிக்கோடும் போட்டிருக்கும்.

பத்திரிகையில் மலையாளத்தில் அடித்த பகுதிக்கு வேறு எழுத்துரு தேடவேண்டி வரும். நம் பக்கத்துப் பத்திரிகைக்கு எப்போதும் இரண்டு முகம். செங்கோட்டையே 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த ஊர், சம்பந்தம் இரண்டு பக்கமும் உண்டு. குளத்துப்புழை ரப்பர் தோட்டங்களில் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தமிழர்கள், பெண் வீட்டுக்குத் தமிழில் 100, தோட்டத்து ஆபீஸிலும் பள்ளிக்கூடத்திலும் கொடுக்க மலையாளத்தில் 50 என்று வந்து நிற்பார்கள். ஒரே பக்கத்தில் இரண்டு எழுத்துரு, பக்கம் அமைக்கிற நிரல் பேஜ்மேக்கர் 6.5. மலையாளத்தில் நான் அடித்த பிழைகளுக்கு இன்றைக்கும் ஒரு மாமா வீட்டில் என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

2024 ஜூலை 16

எழுத்துரு கிடைத்துவிட்டது, 41-ஆவது ஃப்ளாப்பியில் இருந்ததாம். முதலில் திறந்தது ஆரியங்காவு கோயில் திருக்கல்யாண நோட்டீஸ். மதுரையிலிருந்து சௌராஷ்டிரர்கள் பெண் வீட்டாராக வந்து ஐயனுக்குக் கல்யாணம் செய்து வைக்கிற அந்த மார்கழி விழா. அப்பா அடித்ததை அம்மாவுக்குப் படித்துக் காட்டினானாம். 'கடைசி வரியில் ஒற்று விட்டிருக்கிறார்' என்றும் எழுதியிருக்கிறான். இருக்கட்டும், திருத்திவிடாதே.

2024 ஜூலை 28

கிரீஸ்வீசல் பற்றிக் கேட்கிறார்கள். அது ஒரு சின்னப் பலகை, ஒரு பக்கம் 34 பின் உள் ட்ரைவ், மறுபக்கம் யூஎஸ்பி. துண்டு, தடம் என்று பார்க்காமல் தகட்டில் காந்தம் மாறுகிற இடங்களையே பதிவு செய்யும். அமிகா, மேக் போன்ற பழைய கணினிகளின் ஃப்ளாப்பியெல்லாம் சாதாரண யூஎஸ்பி ட்ரைவில் வராது, அப்படிப்பட்டவர்களுக்கு இதுதான் வழி. சில ட்ரைவுகளுக்கு மின்சாரம் தனியாகக் கொடுக்க வேண்டும். நோட்டீஸும் பத்திரிகையும் எடுக்க அவ்வளவு தேவையில்லை.

2024 ஆகஸ்ட் 4

தென்காசியில் ஒரு பழைய சாமான் கடையில் 5.25 ட்ரைவ் கிடைத்தது, 1.2 எம்பி. 360 கேபி தகட்டையும் இது படிக்கும், எழுதத்தான் கூடாது. தலை ஒடுங்கியது, அதில் எழுதினால் பழைய ட்ரைவ் குழம்பும். என் 2001 கணினியின் பயாஸில் அந்த ரகம் இருக்கிறது, பார்த்துவிட்டேன். 12 வோல்ட்டும் வேண்டும், அதற்கான பெரிய நாலு பின் வயரும் எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கிறது.

ஒன்றுதான் குறை. இந்த ட்ரைவில் பின் கிடையாது, சீப்பு மாதிரி விளிம்பு, என்னிடமுள்ள ரிப்பன் அதில் ஏறாது. கணினியை எடைக்குப் போட்டபோது வயர்களை அம்மா ஒரு மஞ்சள் பையில் எடுத்து வைத்ததாகச் சொன்னாயே, அதில் பட்டையாக, நான்கைந்து முனையோடு ஒன்று இருக்கிறதா பார். இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அதையும் அந்த ஐந்தையும் எடுத்துக்கொண்டு வா. மழையாக இருந்தால் பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொள். பஸ்ஸில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம்.